பதவி முடிந்தது, வீட்டுக்குப் போனார்

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 வந்தால் எங்கள் ஊர் திருத்தணிக்கு ராதாகிருஷ்ணன் ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூடங்களில் தலைப்பாகை கட்டிய படத்துக்கு மாலை விழும். ஆசிரியர்களுக்குப் பேனாவும் ரோஜாப்பூவும் கிடைக்கும். 'நம்ம ஊர்க்காரர்' என்று மேடையில் நாலு பேர் பேசுவார்கள். ஏப்ரல் 17 அன்று யாரும் வாய் திறப்பதில்லை. 1975இல் சென்னையில் அவர் காலமான நாள் அது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அவர் இறங்கியது 1967 மே 13. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அவர் பிறந்தது, படித்தது, பாடம் சொன்னது, பதவி வகித்தது எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறோம்; அந்த எட்டு ஆண்டுகள் பக்கம் யாரும் போவதில்லை. அதில் என்ன இருக்கிறது, வீட்டில் இருந்தார், அவ்வளவுதானே என்பார்கள். வீட்டில் இருந்ததுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் சரித்திரம் படித்தவனில்லை. கருவூலத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவன்; கடைசிக் காலம் எங்கள் ஊர்ச் சார்நிலைக் கருவூலத்தில், ஓய்வூதியப் பிரிவில் கழிந்தது. தாலுகாவில் ஓய்வூதியம் வாங்கும் அத்தனை பேரையும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்க்கிற வேலை. அப்போதெல்லாம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நடந்தது. அரசாணையில் நேர்காணல் என்று இருந்தாலும் மஸ்டரிங் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அரசாங்கம் பார்த்துக்கொள்கிற சடங்கு. மாநிலத்திலேயே இன்று எங்கே வெயில் அதிகம் என்கிற செய்தியில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர் எங்களுடையது. அந்தக் கத்திரி வெயிலில் ஓய்வூதியப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பள்ளிப்பட்டு வரைக்குமான கிராமங்களிலிருந்து வருவார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே யார் எப்படி ஓய்வுபெற்றார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஒருவரை மறக்க முடியாது. நல்ல பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

"என்னைத் தெரியலையா தம்பி?"

"தெரியாம இருக்குமா சார். உக்காருங்க. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பச்சை மை. அரசு ஊழியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கெஜட்டட் அதிகாரிகள் போடுகிற மை அது. அவர் ஓய்வுபெற்று வெகு காலமாகிவிட்டது. எங்கள் உதவிக் கருவூல அலுவலர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் போகும்போது வாசலில் நின்று தன் காலத்தில் இந்த அலுவலகம் எப்படி இருந்தது என்று காவலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். காவலாளி பாவம், தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதே வராந்தாவில் இன்னொரு பக்கம், தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா பேரனோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். அவரவர் நிலத்துக் கடலையாகத்தான் இருக்கும், எங்கள் பக்கத்துக்கு அது பெயர்போனது. கூப்பிட்டால் வருவார், நீல மையில் கையெழுத்துப் போடுவார், "வரட்டா தம்பி" என்று போய்விடுவார். பதவிக்கு முன்னாலும் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, பின்னாலும் இருந்தது.

ஜனவரி 1 அன்று அதிகாரிகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கிற வழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரு கதையே உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டு அன்று உத்தியோகஸ்தர்கள் துரைமார் வீட்டு வாசலில் பழத்தட்டோடு காத்துக் கிடப்பார்களாம். அதைப் பார்த்த வள்ளிமலை சுவாமிகள், முதலில் தணிகை முருகனைப் போய்ப் பாருங்கள் என்று டிசம்பர் 31 இரவில் படித் திருவிழாவைத் தொடங்கினார். இன்றும் அன்று இரவு 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஏறி இறங்கி, குளித்துவிட்டு, பத்து மணிக்கு எலுமிச்சம்பழத்தோடு அதிகாரியைப் பார்க்கவும் போகிறார்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்ற நம்பிக்கைதான். ஓய்வுபெற்ற முதல் ஜனவரி 1 அன்று வாசலில் யாரும் வராமல் இருப்பது இருக்கிறதே, அதில் உடம்புக்கு முடியாமல் போன அதிகாரிகளை எனக்குத் தெரியும்.

சாதாரணத் தாலுகா அதிகாரிக்கே இப்படி என்றால் 340 அறைகள் கொண்ட மாளிகையில் ஐந்தாண்டு இருந்தவருக்கு எப்படி இருக்கும்?

ராதாகிருஷ்ணன் டெல்லியில் கழித்தது ஐந்தாண்டு மட்டுமல்ல. 1952 முதல் பத்தாண்டு குடியரசுத் துணைத் தலைவர், பிறகு ஐந்தாண்டு குடியரசுத் தலைவர். அந்த ஐந்தாண்டும் லேசான ஐந்தாண்டு அல்ல. பதவியேற்ற ஆண்டே சீனப் படையெடுப்பு. 1964 மேயில் நேரு மறைந்தார், 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். இரண்டு முறையும் குல்சாரிலால் நந்தாவுக்கு இடைக்காலப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இவர்தான். நடுவில் பாகிஸ்தானோடு ஒரு போர். 1967 குடியரசு நாளுக்கு முந்தின உரையில், நாட்டில் பரவிக் கிடக்கும் திறமையின்மையையும் வளங்கள் பாழாவதையும் மன்னிக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தன் அரசாங்கத்தைப் பற்றிக் குடியரசுத் தலைவர் இப்படிப் பேசினால் பிரதமருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அவருக்கு இரண்டாவது முறை கொடுக்கலாம் என்பது காமராஜரின் எண்ணம். இந்திரா காந்தி ஜாகிர் உசேனை விரும்பினார். ராஜேந்திர பிரசாத்துக்கு இரண்டாம் முறை கிடைத்திருந்தது, அதனால் கேட்பதில் தவறொன்றும் இல்லை. ராதாகிருஷ்ணன் மல்லுக்கட்டவில்லை. போட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தத் தேர்தலில் ஜாகிர் உசேனை எதிர்த்து நிற்பதற்காக உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கோகா சுப்பா ராவ் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்து தோற்றார் என்பது தனிக்கதை.

மே மாதம் ராதாகிருஷ்ணன் சென்னைக்கு வந்தார். கோட்டையில் அண்ணா முதலமைச்சராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் 'கிரிஜா' என்கிற சொந்த வீடு. மனைவி சிவகாமு 1956இலேயே போய்விட்டார். பெண்கள் ஐவரும் கல்யாணமாகிப் போனவர்கள், மகன் கோபால் சரித்திரப் பேராசிரியர். வயது எழுபத்தெட்டு. அரசாங்கம் டெல்லியில் பங்களா ஒதுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆளுநர் பதவியோ தூதர் பதவியோ குழுத் தலைமையோ எதையும் ஏற்கவில்லை. கட்சி எதிலும் சேரவில்லை. 'மாறிவரும் உலகில் மதம்' பற்றிய அவருடைய ஆங்கில நூல் அந்த 1967இலேயே வந்தது. அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி தன் முதல் ஃபெல்லோவாக அவரைத் தேர்ந்தெடுத்தது. கட்டிலில் சாய்ந்தபடி படிப்பதும் எழுதுவதும் அவருக்கு வாலிபத்திலிருந்தே பழக்கம் என்பார்கள். மாளிகையிலும் அப்படித்தான், மயிலாப்பூரிலும் அப்படித்தான். உடம்பு ஒத்துழைத்த வரைக்கும் அதே கட்டில், அதே புத்தகம். 1975இல் டெம்பிள்டன் பரிசு அறிவிக்கப்பட்டபோது நோய்ப்படுக்கையில் இருந்தார். அந்தப் பணத்தையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இது அவரால் எப்படி முடிந்தது என்று நான் யோசித்ததுண்டு. துறவு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மனிதர் பதவிக்காக ஏங்காத முனிவர் என்று சொல்ல முடியாது; ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர், மாஸ்கோவில் தூதர் என்று வந்த பதவிகளை ஏற்றுக்கொண்டவர்தான். மகன் கோபால் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவர் குறை நிறை இரண்டும் தெரியும். தகப்பனைப் பற்றி இவ்வளவு பூசி மெழுகாமல் எழுதிய மகன் நம் நாட்டில் அபூர்வம். நான் பார்த்த காரணம் வேறு. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் அவர். மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என்று அந்த வேலை நாற்பதாண்டு நீண்டது. மைசூரிலிருந்து கிளம்பும்போது மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு ரயில் நிலையம் போனார்கள் என்பதை ஒவ்வொரு ஆசிரியர் தினத்திலும் கேட்கிறோம். அப்படிப்பட்டவருக்குக் குடியரசுத் தலைவர் பதவி நடுவில் வந்துபோன ஒரு உத்தியோகம். அது முடிந்தால் பழைய வேலை இருக்கிறது. எங்கள் வராந்தாவில் வேர்க்கடலை உரித்த அம்மாவுக்கும் அவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை.

எங்கள் ஊரில் சிலருக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. "ஜனாதிபதியா இருந்தாரே, திருத்தணிக்கு என்ன பண்ணினாரு? ரிடையர் ஆகி இங்க வந்தாவது இருந்தாரா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். ஞாயமான கேள்விதான். ஆனால் எட்டு வயதில் திருப்பதி மிஷன் பள்ளிக்குப் போனவர் அவர். அப்புறம் வாலாஜாப்பேட்டை, வேலூர், சென்னை. குடும்பத்தின் பூர்வீகமோ நெல்லூர் ஜில்லா சர்வபள்ளி. போதாக்குறைக்கு ஊரே ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவர் பிறந்தபோது வட ஆர்க்காடு ஜில்லா, 1911இல் சித்தூர் ஜில்லா, அவர் துணைத் தலைவராக இருந்தபோது 1953இல் ஆந்திர மாநிலம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கருவூலத்தில் பழைய பணிப்பதிவேடுகளைப் புரட்டினால் சித்தூர் முத்திரையும் செங்கல்பட்டு முத்திரையும் ஒரே ஆளின் பக்கங்களில் அடுத்தடுத்து இருக்கும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ். தெலுங்கர் என்று அவர்களும் தமிழ்நாட்டுக்காரர் என்று நாமும் அவரைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அவர் வாழ்ந்த அதே காலத்தில் அதே சென்னையில் இன்னொருவரும் இருந்தார். தியாகராய நகர் பசுல்லா சாலையில் ராஜாஜி. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரலாக அதே மாளிகையில் குடியிருந்தவர். 1954இல் முதன்முதலாகப் பாரத ரத்னா கொடுத்தபோது ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன் மூவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். நாட்டின் தலைமைப் பீடத்தில் இருந்த இரண்டு பேர் 1967 முதல் 1972 வரை ஒரே ஊரில், சில மைல் இடைவெளியில். இன்று இதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? மயிலாப்பூர் சாலைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர் வைத்தார்கள், அதையும் ஆர்.கே. சாலை ஆக்கிவிட்டோம்.

ராஜாஜி போன வழி நேர் எதிர். கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சரானார். பட்டேல் மறைந்ததும் உள்துறை அமைச்சர். பிறகு 1952இல் சென்னை மாகாண முதலமைச்சர். தேர்தலில் நிற்காமல், ஆளுநர் நியமனத்தில் மேலவைக்குப் போய் முதலமைச்சரானார். அது அன்றைக்கே பெரிய சர்ச்சை. இரண்டே ஆண்டில் குலக்கல்வி எதிர்ப்பில் பதவி போயிற்று. எண்பது வயதில், 1959இல், நேருவை எதிர்த்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டு வைத்துக் காங்கிரஸைச் சாய்த்தார். மக்களவையில் அவர் கட்சிக்கு 44 இடம். சாகிற வரைக்கும் 'ஸ்வராஜ்யா'வில் எழுதிக்கொண்டிருந்தார்.

இருவரில் யார் செய்தது சரி? நான் ராஜாஜி கட்சிக்காரன் இல்லை. 1952 மேலவை வழியை என்னால் ஏற்க முடியாது. ஆனால் 1959க்குப் பிறகு அவர் செய்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆளுங்கட்சியை எதிர்த்து, அரசாங்கத்தின் தயவு எதையும் எதிர்பாராமல், மேடையேறி ஓட்டுக் கேட்டார். மாஜி கவர்னர் ஜெனரல் என்ற பட்டத்துக்காக யாரும் ஓட்டுப் போடவில்லை. வீட்டுக்குப் போவது ஒரு நல்ல வழி என்றால், மக்களிடம் போவதும் நல்ல வழிதான். நான் குறை சொல்வது மூன்றாவது வழியை: அரசாங்கத்திடம் போய் இன்னொரு நாற்காலி வாங்கிக்கொள்வதை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ராதாகிருஷ்ணன்மேல் எனக்குள்ள ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்தாண்டுகளைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியிருக்கலாம். இரண்டு பிரதமர்களின் மரணம், இரண்டு போர், ஒரு பிரதமரோடு கசப்பு, எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்தவர். உபநிடதத்துக்கும் கீதைக்கும் உரை எழுதியவர் இதை எழுதவில்லை. மகன் புத்தகத்துக்காக நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆர். வெங்கட்ராமன் இந்த விஷயத்தில் மேல். 1992இல் பதவி முடிந்தவர் 1994லேயே தன் ஐந்தாண்டு அனுபவத்தை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். பொதுப் பதவியில் இருந்தவர் கணக்கு ஒப்படைக்காமல் போகக் கூடாது என்பது கருவூலக்காரனின் புத்தி.

மற்றவர்கள்? ராஜேந்திர பிரசாத் பன்னிரண்டு ஆண்டு மாளிகையில் இருந்துவிட்டு பாட்னா சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார், பத்து மாதத்தில் காலமானார். வி.வி. கிரி சென்னையில் மறைந்தார். பக்கத்து ராயலசீமாவின் சஞ்சீவ ரெட்டி அனந்தபூருக்குத் திரும்பினார். பிரதிபா பாட்டீலுக்காக புனேயில் ராணுவ நிலத்தில் வீடு கட்டுவதாகச் செய்தி வந்து, முன்னாள் ராணுவத்தினர் கண்டித்த பிறகு 2012இல் அதை வேண்டாம் என்றார். அப்துல் கலாமைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 2007இல் இறங்கியவர் வகுப்பறை வகுப்பறையாகப் போனார், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். அவரும் பழைய வேலைக்குத் திரும்பியவர் என்றுதான் சொல்வேன்.

இனி மூன்றாவது வழி. 2022இல் ஓய்வுபெற்ற ராம்நாத் கோவிந்தை, ஒரே நேரத் தேர்தலைப் பற்றி ஆராயும் குழுவுக்குத் தலைவராக 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு நியமித்தது. 2024 மார்ச்சில் 18,626 பக்க அறிக்கை கொடுத்தார். ஒரே நேரத் தேர்தல் நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சல்ல. அந்த யோசனை ஆளுங்கட்சியின் நெடுநாள் யோசனை. அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் உள்துறை அமைச்சர். அரசமைப்பைக் காப்பேன் என்று நாட்டின் முன்னால் உறுதிமொழி எடுத்த ஒருவர், ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டே, அந்த அரசமைப்பை எப்படித் திருத்தலாம் என்று அரசு நியமித்த குழுவில் உட்கார்ந்தார். சட்டப்படி தவறில்லை. அதுதான் என் வருத்தமே, சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஏ.ஜி. ஆபீஸ் என்றால் வயிற்றில் புளி கரையும். அந்தத் துறையின் தலைவரான தலைமைக் கணக்குத் தணிக்கையர், பதவி முடிந்த பிறகு ஒன்றிய அரசிலோ மாநில அரசிலோ வேறு எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 148(4) பிரிவு சொல்கிறது. காரணம் எளிது. நாளைக்கு வேலை கொடுக்கப் போகிறவனின் கணக்கை இன்றைக்கு எவன் ஒழுங்காகத் தணிக்கை செய்வான்? ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கும் 319ஆம் பிரிவில் இதே தடை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓய்வுக்குப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்று 124(7). கணக்குப் பார்ப்பவருக்கும் ஆள் எடுப்பவருக்கும் போட்ட பூட்டை, மசோதாவில் கையெழுத்துப் போடுகிறவருக்குப் போட மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தேவைப்படவில்லை. ராஜேந்திர பிரசாத்தும் ராதாகிருஷ்ணனும் இருந்த காலத்தில் யாருக்கு இது தோன்றியிருக்கும்?

பூட்டு இருந்தாலும் சந்து கண்டுபிடிப்பார்கள் என்பதும் உண்மை. 1984 முதல் 1990 வரை தலைமைக் கணக்குத் தணிக்கையராக இருந்த டி.என். சதுர்வேதி 2002இல் கர்நாடக ஆளுநரானார். ஆளுநர் பதவி அரசாங்கத்தின் கீழ் வரும் வேலை இல்லை என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால் வழி திறந்திருந்தது. நீதிபதிகளுக்கும் அதே வழி. 2014 ஏப்ரலில் தலைமை நீதிபதியாக ஓய்வுபெற்ற நம் மாநிலத்துக்காரர் ப. சதாசிவம் அதே செப்டம்பரில் கேரள ஆளுநர். எங்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற எஸ். அப்துல் நசீர் அடுத்த மாதமே ஆந்திர ஆளுநராக அறிவிக்கப்பட்டார். இவர்கள் எழுதிய தீர்ப்புகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேச இடம் கொடுத்துவிட்டார்கள் என்கிறேன்.

இவ்வளவு அனுபவசாலிகளை வீட்டில் உட்காரவைத்தால் நாட்டுக்கு நஷ்டம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. என் மருமகனே கேட்டான். "மாமா, அவ்வளவு பெரிய மூளையை வீணாக்கச் சொல்றீங்களா?" வீணாக்கச் சொல்லவில்லை. எழுதட்டும், பேசட்டும், கல்லூரியில் பாடம் நடத்தட்டும், ராஜாஜி மாதிரி கட்சி கூடத் தொடங்கட்டும், தேர்தலில் நிற்கட்டும். அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற நியமனத்தை மட்டும் வாங்க வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லையே என்று சொல்லவும் முடியாது. முன்னாள் குடியரசுத் தலைவருக்குச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். இன்றைய கணக்கில் மாதம் 2.5 லட்சம் ரூபாய். ஆயுள் முழுக்க வாடகையில்லாத வீடு, செயலாளர், உதவியாளர்கள், மருத்துவம் எல்லாம் உண்டு. இந்த ஏற்பாடே, பதவி முடிந்தவர் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகச் செய்ததுதான். அதையும் வாங்கிக்கொண்டு நியமனத்தையும் வாங்கினால், கருவூல பாஷையில் அதற்கு இரட்டைப் பற்று என்று பெயர். நாங்கள் அதற்கு மெமோ கொடுப்போம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். 148(4) பிரிவில் தலைமைக் கணக்குத் தணிக்கையருக்குச் சொன்னதைக் குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் சொல்ல வேண்டும். சந்து இல்லாமல் இருக்க, ஆளுநர் பதவியும் அரசு அமைக்கும் குழுக்களும் இதில் அடங்கும் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். மீண்டும் தேர்தலில் நிற்கும் உரிமை அப்படியே இருக்கட்டும்.

திருத்தணி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் வருகிறது. எங்கள் தொகுதி உறுப்பினர் யாராக இருந்தாலும் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவைக்குறிப்பில் ஏறும், மற்ற கட்சிகள் என்ன சொல்கின்றன என்று நாடு கேட்கும். செப்டம்பர் 5 மேடையில் 'நம்ம ஊர்க்காரர்' என்று பேச வருகிற உறுப்பினரிடம் இந்த மசோதா என்னாயிற்று என்று கேளுங்கள்.